ஓர் ஊசி குறைகிறது

அக்குபங்சர் டாக்டரம்மா எடுத்த ஊசிகளை எண்ணினார். பதினொன்று. திரும்ப எண்ணினார். அதே பதினொன்றுதான். தையல்காரக்காவுக்குக் குத்தியது பன்னிரண்டு.

அந்தச் சின்ன மருத்துவமனையின் நீள அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள். ஆறிலும் மார்பகப் புற்றுநோயைத் தாண்டி வந்த பெண்கள், காதிலும் காலிலும் மயிரிழை ஊசிகளோடு அரைத் தூக்கத்தில் கிடப்பார்கள். முப்பது வருஷம் ஊசியோடு குடும்பம் நடத்திய தையல்காரக்கா, முதல் வாரம் தன்னைக் குத்த விடமாட்டேன் என்று வீம்பு பிடித்தாளே, அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். வேறு வழியில்லாமல்தான் உட்கார்ந்தாள். கட்டி மறுபடி தலைகாட்டாமலிருக்க ஐந்து வருஷம் விழுங்கவேண்டிய மாத்திரை அவள் விரல்களைக் கட்டையாக்கிவிட்டது. குண்டூசி பிடிக்க வரவில்லை. சட்டைப் பொத்தானைக்கூடப் புருஷன்தான் போட்டுவிட்டார். அந்த வெட்கத்தை அவளால் தாங்கவே முடியவில்லை. இன்று ஆறாவது வாரம். இன்றைக்கும் விரல் மடங்காவிட்டால் மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிடுவதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தாள். தங்கை அழுது பார்த்தாள், மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

இப்போது அந்தத் தங்கைதான் தரையில் மண்டியிட்டு நாற்காலிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா போர்வையை உதறினார். பக்கத்து நாற்காலி டீச்சர் ஊசிகளோடு திரும்பமுடியாமல் கண்ணாலேயே துழாவினாள். காதில் வைத்த ஊசியைத்தான் காணோம். தையல்காரக்காவோ குறட்டை விட்டவள், அவளைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

"அக்கா, அசையாதீங்க," என்றார் டாக்டரம்மா. "உங்க காலர்ல இருக்கு."

இருந்தது. துணிக்குள் நுழைந்து வெளியே வந்து, வேலைக்கு நடுவில் தையல்காரர்கள் குண்டூசியைச் செருகி வைப்பார்களே, அச்சு அசல் அப்படி. தூக்கத்தில் காது உறுத்தியிருக்கிறது. பழக்கதோஷம், கை தானாகப் போய் உருவி, வழக்கமான இடத்தில் வைத்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா, கை சும்மா இருக்க மாட்டேங்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். தங்கை எழுந்து நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீயா எடுத்துச் செருகின?"

அவ்வளவு சின்ன ஊசி. தன் கையைப் பார்க்கவே தையல்காரக்காவுக்குப் பயமாக இருந்தது, கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

டாக்டரம்மா ஊசியை எடுக்கக் குனிந்தார். "இருங்க, நானே எடுக்கிறேன்," என்றாள் தையல்காரக்கா. வலது கை காலரை நோக்கி மெல்ல எழுந்தது. பெருவிரல் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி ஆட்காட்டி விரலை நெருங்கியது.