நந்தியிலிருந்து இறக்கிய வண்டி

ஷோபாவுக்கு லைசென்ஸ் கிடைத்ததே நாற்பது தாண்டிய பிறகுதான். இடுப்பிலோ முழங்காலிலோ ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைத் தேடிப் போய்ப் பிசியோதெரபி செய்வது அவள் வேலை. பல வருஷம் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அலைந்து அந்த வேலையைப் பார்த்தாள். கடைசியில் ஒரு கார் எடுத்தாள். அவள் சம்பாத்தியம், அவள் பெயர். பிரேசர் டவுன் சர்ச் வாசலில் கேட்டவர்களிடமெல்லாம் அவள் கணவன் சிரில், "நான் ஒரு வண்டி எடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாவி கொடுத்த அன்று ஷோரூம்காரர் ஒன்று சொல்லியிருந்தார். புது வண்டியின் பிரேக் உடனே முழுசாகப் பிடிக்காது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டும் அதைக் கவ்வும் கட்டையும் ஒன்றோடொன்று உரசிப் படிய வேண்டும், அதுவரைக்கும் ஆபத்து என்றால் ஒழிய ஓங்கி மிதிக்க வேண்டாம், மலை ஏறி இறங்க வேண்டாம். பக்கத்தில் நின்ற சிரில் இதையெல்லாம் கேட்காமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். ஷோபாவுக்கு அது சட்டென்று புரிந்தது. புது மூட்டு வைத்தவரை மறுநாளே மாடிப்படி ஏறச் சொல்வாளா அவள்?

அன்றிலிருந்து அப்படியேதான் ஓட்டினாள். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாள். முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தமாக மிதித்து, கடைசியில் காலைத் தளர்த்தி, உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாமல் வண்டியை நிறுத்துவாள். முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடம் விடுவாள். மாஸ்க் ரோடில் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். சிரில் பக்கத்தில் இருந்தால் அதைவிடத் தொல்லை. இப்படி உருட்டுவதற்கு மாட்டுவண்டி வாங்கியிருக்கலாம் என்பான். அவன் ஆபீஸ் வண்டியை இருபது வருஷமாக ஓட்டுகிறவன், பிரேக்கைப் பழக்குவதெல்லாம் ஷோரூம்காரன் விடும் கதை என்பான்.

அவள் வண்டியில் அதிகம் ஏறியவர் தமயந்தி. ஜோகுபாளையத்தில் தனியாக இருந்தார், பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மூட்டு மாற்றியிருந்தார்கள். ஆட்டோ பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் உயிர் போகிறது என்பதால் ஆஸ்பத்திரி செக்கப்புக்கு ஷோபாவே கூட்டிப் போய் வந்தாள். உன் வண்டியில் மட்டும்தான்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடிகிறது என்று தமயந்தி சொன்ன அன்று ஷோபாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இரண்டு வீடுகளுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. சாயங்காலம் சிரில் கொண்டுவந்து நிறுத்தினான். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பிரெண்ட்ஸோடு தேவனஹள்ளிப் பக்கம் டிபன் சாப்பிடப் போனதாகச் சொன்னான். கேட்காமல் எடுத்துப் போனானே என்று எரிச்சல் வந்தது. வண்டியைக் கழுவிக் கொண்டுவந்தானே என்று அடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை செக்கப்புக்காகத் தமயந்தியை ஏற்றிக்கொண்டு ஜோகுபாளையத்திலிருந்து கிளம்பினாள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெடலில் ஏதோ துடிப்பது போல் இருந்தது. பழைய மெட்ராஸ் ரோடில் ஒரு டெம்போ திடீரென்று குறுக்கே வந்தது. வேறு வழியில்லாமல் அழுத்தி மிதித்தாள். ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறியது. வண்டி முழுக்கத் தடதடவென்று நடுங்கி, ஒரு பக்கமாக இழுத்து, டெம்போவை உரசுகிற மாதிரி போய் நின்றது. தமயந்தி சீட்டிலிருந்து முன்னால் சரிந்து, பெல்ட்டில் தொங்கினார். அவர் வாயிலிருந்து வந்தது போன்ற சத்தத்தை ஷோபா ஆபரேஷன் வார்டுகளில் மட்டுமே கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு விலகவில்லை என்று தெரிந்தது. தசை பிசகியிருந்தது. நடக்கத் தொடங்கியிருந்தவரை டாக்டர் மறுபடி படுக்கையில் போட்டார்.

அன்று சாயங்காலம் சிரிலிடம் கேட்டாள், சனிக்கிழமை வண்டியில் ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று. அவன் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், ஒன்றும் இல்லையே, உனக்கு இன்னும் பிரேக் மிதிக்கத் தெரியவில்லை, பயத்தில் நீயே ஏதாவது செய்திருப்பாய் என்றான். ராத்திரி முழுக்க ஷோபா தன் காலையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் காக்ஸ் டவுன் மருந்துக் கடையில் சிரிலின் நண்பன் லாயிட் எதிர்ப்பட்டான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டான்.

"வண்டி இப்ப எப்படி இருக்கு ஷோபா? சனிக்கிழம நந்தி ஹில்ஸ் எறங்கறப்போ சக்கரத்துலேர்ந்து பொகையா வந்துச்சு. நாங்க பயந்துட்டோம். சிரில்தான் ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்தி அணைச்சான்."

மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மலை மேலிருந்து அடிவாரம் வரை கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை ஊன்றி இறக்கியிருக்கிறான். கொதிக்கும் தட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். புகையின் கரி தெரியாமலிருக்கக் கழுவியிருக்கிறான். இது எல்லாவற்றையும்விட, ஒரு ராத்திரி முழுக்க அவளையே அவள் சந்தேகப்பட விட்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போய் அவள் எதுவும் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று பார்த்தாள். சாப்பிட்டான், போன் பார்த்தான், தூங்கினான். காலையில் சர்வீசுக்கு விடப் போகிறேன் என்றதும், நானும் வருகிறேன், உன்னை ஏமாற்றிவிடுவார்கள் என்றான்.

சர்வீஸ் சென்டரில் ஷ்ரேயாஸ் என்ற இளைஞன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். முன் சக்கரத் தட்டு இரண்டும் சூட்டில் நீலம் பாய்ந்து கோணியிருக்கின்றன, ஓட்டியது யார் என்று சிரிலைப் பார்த்துக் கேட்டான். ஷோபாவின் முகத்தை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிகளில் இன்னும் நாலைந்து பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

"மேடம்தான் ஓட்றாங்க" என்றான் சிரில், சிரித்துக்கொண்டே. "புதுசு இல்லையா, பிரேக்குலேர்ந்து கால எடுக்கவே மாட்டாங்க. லேடீஸ் டிரைவிங், உங்களுக்குத் தெரியாததா."

ஷ்ரேயாசும் சிரித்தான். நாற்காலியில் இருந்த ஒருவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

ஷோபா எழுந்து நின்றாள். கத்தப்போகிறோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் குரல் தாழ்ந்து, தனக்கே அன்னியமாக வந்தது.

"சனிக்கிழம நந்தி ஹில்ஸ்லேர்ந்து இந்த வண்டிய எறக்கினது யாரு?"

சிரிலின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஷோபா, இங்க வேணாம். வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல கேட்டேன். ஒண்ணும் இல்லன்னீங்க. என் பேர இங்க வெச்சுதான கெடுத்தீங்க, இங்கயே பதில் சொல்லுங்க. பொகை வந்தப்போ யாரு தண்ணி ஊத்தினது?"

ஷ்ரேயாசின் முகம் மாறியது. "நீரு ஹாகித்ரா சார்?" என்று அவனையறியாமல் கன்னடத்தில் கேட்டான், பிறகு தமிழில் திருப்பினான். "சூட்டுல தண்ணி ஊத்தினீங்களா?"

"கொஞ்சம்தான்" என்றான் சிரில்.

"என் பேஷன்ட் படுக்கையில கெடக்கறாங்க" என்றாள் ஷோபா. "அது என் கால் பண்ண தப்புன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவள் ஷ்ரேயாஸ் பக்கம் திரும்பி, வண்டி தன் பெயரில் இருக்கிறது, இனி எதுவானாலும் தன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவன் நிமிர்ந்து, சரி மேடம் என்றான். தட்டும் கட்டையும் இரண்டு பக்கமும் புதிதாக மாற்ற வேண்டும் என்றும், திரும்ப முதலிலிருந்து பழக்க வேண்டும் என்றும் அவளைப் பார்த்தே விளக்கினான். சிரில் வெளியே போய் நின்றான். அவள் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை, ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

வண்டி கைக்கு வந்ததும் தினம் விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது அவள் தனியாக எடுத்துப் போனாள். கொஞ்சம் வேகம் எடுத்து, மெல்ல மிதித்து வேகத்தைக் குறைத்து, தட்டு ஆற விட்டு, மறுபடி வேகம் எடுத்தாள். கால் சொன்னபடி கேட்டது, வண்டியும் கேட்டது. ஆனால் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் சர்வீஸ் சென்டரில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சிரில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, தப்புதான், சொல்லியிருக்கணும் என்றான்.

"எங்கிட்ட சொன்னா போதாது" என்றாள் ஷோபா. "வாங்க."

ஜோகுபாளையத்தில் தமயந்தியின் கட்டில் பக்கத்தில் அவனை உட்காரவைத்தாள். நடந்ததை அவன் திக்கித் திக்கி முழுக்கச் சொன்னான். தமயந்தி குறுக்கே பேசாமல் கேட்டார். பரவாயில்லை என்று சொல்வார் என அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சொல்லவில்லை.

"எனக்கு ரொம்ப வலிச்சதுங்க" என்றார். பிறகு ஷோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அடுத்த செக்கப்புக்கு நான் ஆம்புலன்சுல போறேன். கார்னாலே நெஞ்சு அடிச்சுக்குது" என்றார்.

திரும்பும் வழியில், கொஞ்ச நாள் போனால் அவருக்குச் சரியாகிவிடும் என்று சிரில் ஆரம்பித்தான். ஷோபா வண்டியை ஓரமாக, அலுங்காமல் நிறுத்தினாள்.

"எறங்குங்க. நடந்து வாங்க."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு அவள் தனியாக வீட்டுக்குப் போனாள். சாவியைக் கைப்பையில் போட்டு, பையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.