ஒத்திகை பார்க்காத பாடம்

போத்தனூரில் நான் பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகளுக்கு, எங்களைப் போன்ற பி.எட். மாணவிகளைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் வருஷா வருஷம் கற்பித்தல் பயிற்சிக்கு அங்கேதான் ஆள் அனுப்பும். எத்தனையோ ‘டிரெய்னிங் மிஸ்’களை வரவேற்று, கடைசி நாளில் சாக்லேட் வாங்கித் தின்று, டாட்டா காட்டி அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள்.

எங்கள் படிப்பில் ஒரு விதி உண்டு. இன்றைக்கு என்ன பாடம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலச் சில கேள்விகள் கேட்டு, பாடத்தின் பெயரைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். இதற்கு மோட்டிவேஷன் என்று பெயர். முதல் நாள் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

“வீட்ல ஒரே ஒரு தோசைதான் இருக்குது. அதை நீயும் உன் தங்கச்சியும் பங்கு போட்டுக்கிட்டா...”

கேள்வியை முடிக்கவில்லை. முதல் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

“பின்னம்தானுங்க மிஸ் இன்னிக்கு? நேரா நடத்துங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்.”

அவள்தான் மெஹராஜ், வகுப்புத் தலைவி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எங்கள் கிணத்துக்கடவு முழுக்கத் தெரிந்த விஷயம். அன்றைக்கும் வந்தது. ஆனால் அவள் முகத்தில் கேலி இல்லை. எந்த பஸ் என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு வழி சொல்கிற அக்கறைதான் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அந்த வகுப்பு என்னுடையது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அது வெறும் ஆசையாக நிற்கவில்லை. பயிற்சி முடியப்போகிற சமயத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் இருதயம்மாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “லோகப்பிரியா, ஜூன்ல இந்தப் பிள்ளைங்க செவன்த்துக்குப் போறாங்க. அவங்களுக்கு மேத்ஸ் எடுக்க ஆள் வேணும். பிராக்டிகல்ல நல்ல மார்க் வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்.”

பிராக்டிகல் என்பது வெளிக்கல்லூரியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவது. எந்தப் பாடம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் எல்லாருமே அதே பாடத்தை அதே வகுப்பில் பலமுறை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுவரை பழக்கிவைத்துவிடுவார்கள். தேர்வாளர்களும் ஒரு காலத்தில் இதையே செய்து பாஸானவர்கள்தான்.

எனக்கு வந்தது சதுரத்தின் பரப்பளவு.

“நாளைக்கே ஒருவாட்டி நடத்திப்போடு,” என்றாள் ஷைலா. போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி, என்னோடு படிப்பவள். ஏ பிரிவை அவள் ஏற்கெனவே பழக்கி முடித்திருந்தாள்.

“மாட்டேன். தெரிஞ்ச பாடத்தைத் தெரியாத மாதிரி நடத்தறதுக்கு நான் நாடகத்துலதான் சேர்ந்திருக்கணும்.”

“உன் வீம்புக்கு ஒரு அளவே இல்லடி. அதுவும் உனக்கு இருக்கற பழக்கத்துக்கு.”

அவள் சொன்ன பழக்கம் உண்மைதான். எனக்கு வகுப்பு அமைதியாக இருந்தால் பொறுக்காது. கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன். மைக்ரோ டீச்சிங்கில் சக மாணவிகளையே பிள்ளைகளாக உட்காரவைத்துக் குட்டிக் குட்டியாகப் பாடம் நடத்திப் பழகும்போது, ஒவ்வொரு தடவையும் ஷைலா இதையேதான் சொல்வாள். “கேள்வியும் நீயே, பதிலும் நீயே. அப்புறம் நாங்க எதுக்கு உக்காந்திருக்கோம்?”

இருந்தாலும் எனக்குப் பயம் இல்லை. எனக்குக் கணக்கு தெரியும், அந்தப் பிள்ளைகளைத் தெரியும். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

தேர்வாளராக வந்தவர் நஞ்சுண்டன். கோபி ஊர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கும்பிட்டதற்குக் கும்பிட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லாரும் தலை வாரி, பவுடர் பூசி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஃபோட்டோ எடுக்கிற நாளில்கூட அவர்கள் அப்படி இருந்ததில்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

“நம்ம கிளாசுக்குப் புதுசா டைல்ஸ் போடணும்னு கடைக்குப் போறோம். கடைக்காரர் மொதல்ல என்ன கேப்பார்?”

அத்தனை கையும் ஒன்றாக எழுந்தது. மெஹராஜ் நான் கூப்பிடும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

“தரையின் பரப்பளவைக் கேப்பாருங்க மிஸ். ஒரு மூடிய வடிவம் அடைத்துக்கொள்ளும் பகுதியின் அளவே பரப்பளவு ஆகும்.”

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அடுத்த கேள்விக்கு வகுப்பே சேர்ந்து, “பக்கம் பெருக்கல் பக்கம்” என்றது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைப் பலகையில் போட்டேன். எண்ணை எழுதிக் கையை எடுப்பதற்குள், “நூறு சதுர சென்டிமீட்டர்” என்று கூரை அதிர்ந்தது. நான் நடத்தாத பாடத்தை யாரோ எனக்கு முன்னால் நடத்தி முடித்திருந்தார்கள்.

நஞ்சுண்டன் பேனாவை மூடினார்.

“ஏனுங்க அம்மணி, ஒத்திகை ரொம்ப நல்லாப் பாத்திருக்கீங்க.”

“இல்லைங்க சார். இந்தப் பாடத்தை இந்த கிளாஸ்ல இன்னிக்குத்தான் எடுக்கறனுங்க.”

“எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க.”

அவர் குரலில் கோபம்கூட இல்லை. நாலு கல்லூரி பார்த்த சலிப்புதான் இருந்தது. செய்யாத தப்புக்கு மார்க் போகப்போகிறது, மார்க்கோடு ஜூன் மாதமும் போகப்போகிறது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கேட்டேன்.

“சார், புக்குல இல்லாத கேள்வி ஒண்ணு நீங்களே குடுங்க. நானும் தயார் பண்ணல, பிள்ளைங்களும் தயார் பண்ணல. அதையே நடத்தறேன்.”

அவர் மார்க் தாளைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து நின்று பிள்ளைகளிடம் பேசினார்.

“எங்க தோட்டத்துல தேங்காய்ப் பருப்பு காயப்போடறதுக்குச் சதுரமா ஒரு களம் இருக்குதுங்க கண்ணுகளா. இப்போ பக்கத்தை ரெண்டு மடங்கு நீட்டி, பெரிய சதுரக் களமா போடப்போறேன். பரப்பளவு எத்தனை மடங்கு ஆகும்?”

ஒரு கைகூட எழவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மனப்பாடம் செய்ததில் இது இல்லை என்று அந்த முகங்களே சொல்லின. ரயில்வே ஜங்ஷனில் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக் கிளம்புகிற சத்தம் கேட்டது. மின்விசிறி கடகடத்தது. பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு சின்ன சாடை, விரலை இப்படிக் காட்டினால் போதும், மெஹராஜ் பிடித்துக்கொள்வாள். நான் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

கடைசியில் மெஹராஜ்தான் எழுந்தாள்.

“ரெண்டு மடங்குங்க மிஸ்.”

“ரெண்டு மடங்கு, ரெண்டு மடங்கு,” என்று வகுப்பு முழுக்க அவளோடு சேர்ந்துகொண்டது.

தப்பு. அப்பட்டமான தப்பு. ஆனால் பின்னால் பேனா திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியதுபோல இருந்தது.

“எப்படிக் கண்ணு சொல்றே?”

“பக்கம் ரெண்டு மடங்காச்சுன்னா, பரப்பும் ரெண்டு மடங்குதானுங்களே.”

“சரி, வா. போட்டே பாத்துரலாம்.”

அந்த வகுப்பறைத் தரையில் சதுர டைல்ஸ் உண்டு. ஒரு டைலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டேன். “இது சார் தோட்டத்துக் களம். இதை நீ பெருசு பண்ணு.” மெஹராஜ் மண்டி போட்டு உட்கார்ந்து, பக்கத்து டைலையும் சேர்த்து ஒரு கோடு இழுத்து மூடினாள். “பாருங்க மிஸ், ரெண்டு,” என்றாள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து சைத்ரா எட்டிப் பார்த்தாள். வாயே திறக்காத பெண் அவள். “அது நீட்டமா இருக்குது. சார் சதுரம்னுதான சொன்னாரு.”

மெஹராஜ் தான் போட்ட கோட்டையே முறைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் அதை அழித்துவிட்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று இழுத்து முடித்தாள். உள்ளே இருந்த டைல்களை விரல் வைத்து எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

“நாலு,” என்றாள் மெதுவாக. “மிஸ், நாலு மடங்கு ஆயிருச்சுங்க.”

அதற்கப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. மூன்று மடங்கு நீட்டினால் என்ன ஆகும் என்று யாரோ கேட்க, எல்லாரும் பெஞ்சைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு என்று ஒரு கட்சி, ஒன்பது என்று ஒரு கட்சி. நஞ்சுண்டன் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று, அவர் பெஞ்சுக்கு அடியிலும் கோடு போனது. மணி அடித்தபோது ஒன்பது கட்சி ஜெயித்திருந்தது. இந்தப் பாடத்துக்காக ஷைலாவும் நானும் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய சார்ட் சுருட்டியபடியே கிடந்தது.

“சார்ட்டைப் பிரிக்கவே இல்லைங்களே அம்மணி,” என்றார் நஞ்சுண்டன் போகும்போது.

“தேவைப்படலைங்க சார்.”

“ஆமாங்க.” வாசலில் நின்று திரும்பினார். “சரியான பதிலை ஒத்திகை பாக்கறவங்களை நெறையப் பாத்துட்டனுங்க. தப்பான பதிலை யாரும் ஒத்திகை பாக்க மாட்டாங்க.”

அவர் போனதும் பார்த்தால், கரும்பலகைக்குப் பக்கத்தில் மெஹராஜ் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“நீங்களும் ஷைலா மிஸ்ஸும் என்ன பாடம்னு பேசிக்கிட்டதைக் கேட்டு, நான்தானுங்க மிஸ் எல்லாரையும் அதை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். எல்லா டிரெய்னிங் மிஸ்ஸும் ஒத்திகை வெப்பாங்க, நீங்க மட்டும் வெக்கல. உங்களுக்கு வெவரம் பத்தலைன்னு நெனச்சோம். கடைசில நானே தப்பாச் சொல்லி உங்களை ஃபெயிலாக்கிப்போட்டேன்.”

“எதுக்குடா அம்மணி இதெல்லாம்?”

“நீங்க பாஸானாத்தானே ஜூன்ல நீங்களே வருவீங்க. சிஸ்டர் உங்ககிட்டச் சொன்னதை நாங்க கேட்டுட்டோம்.”

நான் மட்டும்தான் அந்த வகுப்பை என்னுடையதாக நினைக்கிறேன் என்று இருந்தேன். அவர்கள் என்னைத் தங்களுடையவளாக நினைத்து எப்போதோ வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். “நீ மட்டும் தப்பாச் சொல்லாம இருந்திருந்தா நான் இன்னிக்குத் தோத்திருப்பேன் கண்ணு,” என்றேன். அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ரிசல்ட் வந்தது. எங்கள் கல்லூரியில் கணக்குப் பிரிவுக்கு பிராக்டிகலில் நான்தான் முதல். வீம்பு என்று சொன்ன ஷைலா எனக்கு உக்கடத்தில் பிரியாணி வாங்கித் தரும்படி ஆயிற்று.

ஜூனில் ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் யாரும் உட்கார்ந்து மார்க் எழுதவில்லை. பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன்.

“நேத்து நீங்கெல்லாம் கடைக்குப் போயிருந்தீங்கன்னு வெச்சுக்குவோம்...”

மெஹராஜ் எழுந்தாள். அதே இரட்டைச் சடை.

“இனிமே உங்களைப் பாக்க யாரும் வர மாட்டாங்க மிஸ். நேரா நடத்துங்க.”

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.