சிரிப்புக்கு விட்ட இடைவெளி

ஒத்திகையில் சிரிக்க ஆள் கிடையாது. நடிக்கிறவர்களுக்கோ அதே வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கும். அதனால் அந்த நாடகக் குழுவில் சிரிப்பை மேசையில் தட்டிக் காட்டுவது வழக்கம். கணக்கு வாத்தியார்தான் இயக்குநர். அடிக்கோலால் ஒரு தட்டு தட்டினால் சின்னச் சிரிப்பு, இரண்டு தட்டினால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அது அடங்கும் வரை மேடையில் இருப்பவர்கள் அடுத்த வசனத்தை எடுக்கக்கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளையையும் பல்லைக் காட்ட விடாத மனிதர், இங்கே இல்லாத கூட்டத்தை விழுந்து விழுந்து சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது தங்கையின் வேலை. பகலெல்லாம் மருந்துக்கடையில் வாயில் நுழையாத பெயர்களை உருட்டுகிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. எல்லோருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம். மேடையில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக நின்றது அவளுடைய சொந்த அண்ணன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'கண்டக்டர்'. பேருந்தில் சீட்டுக் கிழித்த காலத்திலேயே பயணிகளைச் சிரிக்கவைத்தே இறக்கிவிட்டவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த மண்டபம் நிறைவது அவருக்காகத்தான். அதை அவரும் அறிவார், கொஞ்சம் கூடுதலாகவே அறிவார்.

நாளைக்கு நாடகம். இன்று கடைசி ஒத்திகை. தங்கை காலையிலிருந்து அண்ணனின் வசனங்களையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை சின்னதுதான். கிறிஸ்துமஸ் தாத்தா வீடு மாறி, ஒரு காவலர் வீட்டுப் புகைபோக்கி வழியாக இறங்கிவிடுகிறார். காவலர் அவரைத் திருடன் என்று பிடித்து உட்காரவைத்து விசாரிக்கிறார். காவலராக வந்தவர் பேக்கரிக்காரர்.

"பேரு?"

"கிறிஸ்துமஸ் தாத்தா."

"அப்பா பேரு?"

"கிறிஸ்துமஸ் கொள்ளுத்தாத்தா."

வாத்தியார் ஒரு தட்டு தட்டினார்.

"மூட்டையில என்ன?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்தார். பேக்கரிக்காரரைப் பார்த்தார். மறுபடி மூட்டையைப் பார்த்தார். மேசை தட்டப்படவில்லை, அங்கே சிரிப்புக்கு இடமே இல்லை. தங்கை திரையோரம் வாயை வைத்து, "திறக்காதீங்க ஐயா, உள்ள உங்க மாமியார் தூங்கறாங்க" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணன் அதை அப்படியே வாங்கிச் சொன்னார். ஆனால் வாத்தியார் எழுந்துவிட்டார்.

"என்னம்மா நீ? அவரு எவ்வளவு அழகா இழுத்துட்டு வர்றாரு, நடுவுல புகுந்து கெடுத்துட்டியே. மாமியார்னு சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தன் யோசிக்க மாட்டானா? அந்த யோசனைதான்மா சிரிப்பு."

"மறந்துட்டாரோன்னு நெனச்சேன் சார்."

"யாரு, கண்டக்டரா?" வாத்தியார் சிரித்தார். "இந்த வருஷந்தான் அவரு நடிப்பு கனிஞ்சிருக்கு. போன வருஷமெல்லாம் கடகடன்னு கொட்டிட்டுப் போவாரு. இப்பதான் நிறுத்தத் தெரியுது."

உண்மைதான், இந்த வருஷந்தான். தங்கைக்கு அது வேறு விதமாகத் தெரியும். அண்ணன் சென்ற மாதம் அவள் வீட்டுக்கு வரக் கிளம்பி, தெருவை நாலு முறை சுற்றிவிட்டு வியர்த்து வழிய வந்து நின்றார். "சொல்லாம கொள்ளாம வீட்டை நகர்த்தி வச்சிட்டியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. அவர்களுடைய அப்பாவுக்கும் தெருவில்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற பிள்ளைகளையே வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார்.

இதை அண்ணியிடம் சொல்லலாம். சொன்னால் மறுநாளே அண்ணனின் மேடை போய்விடும். பேருந்து வேலை போனபிறகு அவருக்கு மிஞ்சியது இந்த ஒரு மேடைதான். சொல்லாவிட்டால், நிறைந்த மண்டபத்தில் என்றைக்கோ ஒரு நாள், ஒருவேளை நாளைக்கே, அவர் நடுமேடையில் அவமானப்பட்டு நிற்பார். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவளால் எத்தனை நாளைக்குத்தான் நடமாட முடியும்?

இடைவேளையில் ஒப்பனை அறைக்குப் போனாள். அறை என்று சொல்வது மரியாதைக்கு. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற கிடங்கில் ஒரு கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். அண்ணன் தாடிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மூட்டைகிட்ட நீ நிறுத்தினது வேணும்னா, இல்ல வரலையா?"

"வாத்தியார் சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"அவரு சொன்னது விழுந்துச்சு. நீ சொல்லு."

அவர் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "குட்டி, நான் மேடை ஏறினப்ப நீ பாவாடை கட்டிட்டு முன்வரிசையில உக்காந்து மூக்கை உறிஞ்சிட்டிருந்தே. நீ எனக்கு நடிப்புச் சொல்லித் தர்றியா?"

"நான் நடிப்பைப் பத்திப் பேசல."

"அப்ப வேற எதைப் பத்தியும் பேசாதே." குரல் தடித்துவிட்டது. "இனிமே நீ எனக்கு எடுத்துக் குடுக்கவே வேணாம். அவன் முன்னாடி, இவன் முன்னாடி என் மானத்தை வாங்காதே. வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போ."

அண்ணன் அவளைத் திட்டி அவள் கண்டதில்லை. கேலி செய்வார், காதைத் திருகுவார், திட்ட மாட்டார். அதற்கு மேல் வாதாட அவளுக்குத் தெம்பு இல்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிற்பாதிக்கு நடிகர்களின் வீட்டாரை உள்ளே விட்டார்கள். வெள்ளோட்டம் பார்க்க வேண்டுமாம். பிள்ளைகுட்டிகளோடு நாலைந்து வரிசை நிரம்பியது. அண்ணி முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் இப்போதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியாரின் அடிக்கோலுக்கு வேலை போயிற்று.

அண்ணன் வந்து நின்றதுமே சிரிப்பு. அங்கியில் புகைக்கரி, தொப்பி கோணல். நாலைந்து வசனம் வழுக்கிக்கொண்டு போனது. தங்கை மூச்சை விட்டாள். நாம்தான் அரண்டு போயிருக்கிறோம், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே வைதுகொண்டாள்.

"அதெல்லாம் சரி," என்றார் பேக்கரிக்காரர், தடியை உருட்டியபடி. "உன் வீடு எங்கே இருக்கு?"

வடக்கே போய், பனி தீர்ந்துபோகிற இடத்தில் யாரிடமாவது கேளுங்கள் என்பது பதில். தங்கையின் உதடு அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். முன்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் அங்கியின் பைக்குள் கையை விட்டுத் துழாவினார், அங்கே விலாசம் கிடைக்கும் என்பதுபோல. இப்போது எல்லா வரிசையும் சிரித்தது. பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை தங்கைக்குத் தெரிந்த பார்வை. அப்பா வாசலில் நின்று பார்த்த பார்வை அது.

வசனம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாக்குக் கொடுத்துவிட்டாளே. அதைவிட, தான் சொல்லப்போய் அது வெறும் நடிப்பாக இருந்துவிட்டால் அவர் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். பாழாய்ப்போன வாக்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மெதுவாக மூட்டையின் மேல் உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்துக் கூட்டத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பேக்கரிக்காரர் நல்ல மனிதர். என்ன நினைத்தாரோ, "வீடு தெரியாத திருடன்யா இவன், வா ஸ்டேஷனுக்கு" என்று சொந்தமாக ஒரு வசனத்தைப் போட்டு, அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். திரை விழுந்தது. கைதட்டல் ஓய நேரமாயிற்று.

தங்கை கிடங்குக்கு ஓடினாள். அண்ணன் தாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"குட்டி, எதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க?"

அவள் அவருடைய கோணல் தொப்பியைக் கழற்றி எடுத்தாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல அண்ணா. வீடு எங்கேன்னு கேட்டாரு. நீ ஒண்ணுமே சொல்லல."

"உங்க அண்ணியும் சிரிச்சாளா?"

"அண்ணிதான் முதல்ல சிரிச்சாங்க."

அந்த நேரம் பார்த்து வாத்தியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். "கண்டக்டரே, கால்ல விழணும்யா உம்ம. அந்த வீட்டுக் கேள்விக்கு எவ்வளவு நேரம் நின்னீரு! நாளைக்கும் அதே மாதிரி, ஒரு இம்மி கூடக் குறையக்கூடாது, ஆமா."

"சார், அது நடிப்பு இல்ல," என்றாள் தங்கை. "அண்ணனுக்கு வசனம் மறந்துபோச்சு. இன்னிக்கு மட்டும் இல்ல, ரெண்டு மாசமாவே மறந்துட்டிருக்காரு. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் அதுதான்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குடும்பமே கேலிக்காரக் குடும்பம் என்பது அவர் எண்ணம். கூடச் சிரிக்க அங்கே ஆளில்லை. கண்டக்டரும் சிரிக்காததைக் கண்டபிறகு அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ சொல்றது நெஜம் வாத்தியாரே," என்றார் அண்ணன். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்."

நாளைக்கு என்ன செய்வது என்று மட்டும் வாத்தியார் முணுமுணுத்தார். கேட்ட மாத்திரத்தில் கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்கே பட்டது. வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அண்ணன் தாடியைப் பிடித்து இழுத்தார். பசை காய்ந்துவிட்டிருந்தது, தோல் சிவந்தது. தங்கை தண்ணீரில் துணியை நனைத்து ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தாள். அவர் சின்னப் பிள்ளைபோல முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

நடைவழியில் அண்ணியின் குரல் கேட்டது. இன்னும் சிரிப்பு அடங்காமல் யாரிடமோ எதையோ விவரித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் தங்கை.

"வேணாம். நான்தான் சொல்லணும்." அவர் எழுந்து, ஈரமான முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றார். "நீ பக்கத்துல நில்லு. நடுவுல நின்னுட்டேன்னா எடுத்துக் குடு."