முக்கால் அங்குலம்

2023 ஆகஸ்டு 27, ஞாயிற்றுக்கிழமை காலை 8.20 மணிக்கு, சோமனூர் ரயில் நிலையச் சாலையில், 1969-ஆம் ஆண்டு அம்பாசடர் கார் ஒன்றின் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டாக முறிந்து விழுந்தது.

காரை ஓட்டியவர் கதிரேசன், வயது ஐம்பத்தைந்து, அரசு நில அளவையர். இஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புக் குழாய்தான் அந்த ஷாஃப்ட். அது இல்லாவிட்டால் இஞ்சின் உறுமும், ஹாரன் அடிக்கும், வண்டி மட்டும் நகராது. கதிரேசன் மூன்று தடவை உறுமவிட்டுப் பார்த்தார். பிறகு இறங்கி இரண்டு துண்டுகளையும் எடுத்து டிக்கியில் போட்டார். அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து காரை வீட்டில் விட்டார்.

செப்டம்பர் 9, சனிக்கிழமை மாலை, அவிநாசியில் அவருடைய தங்கை செவ்வந்தியின் மகன் கௌதமனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையைத் தன் காரில் உட்காரவைத்துத் தானே ஓட்டிவருவதாகக் கதிரேசன் நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டார் முன்னாலும் சொல்லியிருந்தார். தாய்மாமன் சபையில் சொன்ன சொல். அதை அன்றைக்கே கிண்டல் செய்தவர் ஒருவர்தான். அவர் செவ்வந்தியின் கணவர் மாசாணம், அரசுப் பேருந்தில் நடத்துநர்.

"ஏனுங் மச்சான், அந்த வண்டியில ஏறுறவங்க டிக்கெட் எடுக்கோணுமுங்களா, எறங்கித் தள்ளோணுமுங்களா?"

சபை சிரித்தது. கதிரேசனும் சிரித்தார். மாசாணம் மறுநாளே ஓர் இன்னோவாவுக்கு முன்பணம் கொடுத்துவைத்த செய்தி தங்கை மூலம் வந்தபோது சிரிக்கவில்லை.

காரை அவர் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மூடிய மில்லின் ஏலத்தில் எடுத்தார். அப்போதே அதன் உள்ளே இருந்தது மேட்டடார் வேனின் டீசல் இஞ்சின். கியர்பாக்ஸ் ஜீப்பினுடையது. பின் அச்சு காண்டஸா காரினுடையது. மில்லில் வேலைபார்த்த மெக்கானிக்குகள் அவரவர் காலத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தார்கள். இவற்றையெல்லாம் இணைத்துக்கொண்டிருந்த ஷாஃப்ட் எந்த வண்டியுடையது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பீளமேட்டுப் பட்டறைகளில் விசாரித்ததில், புதிதாகச் செய்ய இருபத்திரண்டாயிரம் ரூபாயும் மூன்று வாரமும் ஆகும் என்றார்கள். சீருக்கு நகை எடுத்தது போகக் கதிரேசனிடம் ஐயாயிரம் இருந்தது. பன்னிரண்டு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உக்கடத்துப் பழைய பாகக் கடைகளுக்குப் போனார். நாலாவது கடை ரைஹானுடையது.

"எந்த வண்டிக்குங்ணா?"

"அம்பாசடருக்குங்க."

ரைஹான் குவியலிலிருந்து ஒன்றை உருவி வைத்தார். முப்பது வயது இருக்கும். கையில் கிரீஸ், காதில் ப்ளூடூத்.

"இந்த முனை சேராதுங்க. கியர்பாக்ஸ் ஜீப்போடதுங்க."

"அதைய மொதல்லயே சொல்லக்கூடாதுங்களாண்ணா?" ஜீப் ஷாஃப்ட் ஒன்று வந்தது.

"இதுல பின்முனை சேராதுங்க. பின்னாடி காண்டஸாங்க."

ரைஹான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இஞ்சினுங்க?"

"மேட்டடாருங்க."

"அப்ப அம்பாசடருங்கறது எதுங்ணா?"

கதிரேசன் யோசித்தார். "கதவுங்க. பேனட்டுங்க. டிக்கிங்க. அப்பறம் ஹாரனுங்க." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "இல்லீங்க, ஹாரன் போன வருசம் லாரிது மாத்திப்போட்டேன்."

ரைஹான் காதிலிருந்த ப்ளூடூத்தைக் கழற்றிப் பையில் வைத்தார். இந்த வாடிக்கையாளருக்கு முழுக் கவனமும் தேவை என்று முடிவு செய்துவிட்டதுபோலத் தெரிந்தது. இரண்டு ஷாஃப்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். ஜீப் ஷாஃப்டின் முன்பாதி, காண்டஸா ஷாஃப்டின் பின்பாதி. நடுவில் வெட்டிப் பற்றவைத்தால் ஒரு ஷாஃப்ட். இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, கணபதி பகுதியில் ராமுலு என்பவரின் லேத் பட்டறைக்குப் போகச் சொன்னார்.

"நீளம் மட்டும் கரெக்டா சொல்லிப்போடுங்ணா. மத்தத அவுரு பாத்துக்குவாரு."

நீளம் என்ற சொல்லைக் கேட்டதும் கதிரேசனுக்குத் தெம்பு வந்தது. இருபத்தாறு வருடமாக அவர் செய்வது அது ஒன்றைத்தான்.

பழைய துண்டுகள் வளைந்து நசுங்கியிருந்ததால், நீளம் எடுக்க அன்று மாலை காருக்கு அடியில் புகுந்தார். கியர்பாக்ஸின் வாயிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் குறிவைத்தார். பின் அச்சின் வாயிலிருந்தும் அப்படியே. இரண்டு குறிகளுக்கும் நடுவில் எஃகு டேப்பை இழுத்து மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் நாற்பத்து நாலு அங்குலம். அதை ஒரு தாளில் வரைபடமாகப் போட்டு, வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறியிட்டு, தேதியுடன் கையெழுத்துப் போட்டார்.

ராமுலுவுக்கு அறுபது வயது. பட்டறைக்கு ஒரு பக்கம் கிரைண்டர் செய்கிறவர்கள், மறுபக்கம் பம்பு வார்ப்புக்காரர்கள். அந்தச் சத்தத்தில் அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "இது நீங்களே அளந்ததுங்களா?" என்று கேட்டார்.

"நானேதானுங்க. மூணு வாட்டி."

"சர்வேயருங்களா?"

"ஆமாங்க."

"அப்பச் சரிங்க" என்று ராமுலு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூலி இரண்டாயிரம்.

சனிக்கிழமை ஷாஃப்ட் காரில் ஏறியது. கார் ஓடியது. முன்பு இருந்த அதிர்வுகூட இல்லை. மறுநாள் காலை, தங்கை வீட்டுக்குச் சொல்லிவிட்டே கதிரேசன் அவிநாசிக்குக் கிளம்பினார். பதினைந்து கிலோமீட்டரும் ஒரு குறையில்லை. செவ்வந்தி வீட்டுத் தெருவில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் மாசாணமும் பந்தல்காரரும் உறவினர் எட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். கார் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஷாஃப்ட் முன்முனையில் நழுவி, தரையில் இடித்து, பின்முனையையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. கார் பத்தடி தானாக உருண்டு, மாசாணத்துக்கு முன்னால் வந்து நின்றது.

மாசாணம் நடந்துபோய் ஷாஃப்டைப் பார்த்தார். தன் தோள்துண்டைச் சுற்றி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"லக்கேஜுக்குத் தனி டிக்கெட்டுங்க மச்சான்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். பந்தல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செவ்வந்தி மட்டும், "ஊட்டுக்குள்ள வாண்ணா, டிபன் ஆறுது" என்றாள்.

கௌதமன் ஜன்னலருகே வந்து மெல்லச் சொன்னான். "மாமா, நான் இன்னோவாவுலயே வந்துக்கறனுங்க. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"சனிக்கெழம வரைக்கும் டைம் இருக்குது, மாப்பிள்ளை" என்றார் கதிரேசன். அவர் இட்லி சாப்பிடவில்லை. அன்றைக்கே காரை மறுபடியும் கயிறு கட்டி இழுத்துச் சோமனூருக்குக் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை ராமுலு விஷயம் கேள்விப்பட்டுத் தன் பழைய டேப்போடு சோமனூருக்கே வந்துவிட்டார். காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் வாயில் டேப்பின் முனையை வைத்து, பின் அச்சின் வாய்வரை சரிவோடு சரிவாக இழுத்தார். கதிரேசனும் பக்கத்தில் படுத்திருந்தார்.

"நாப்பத்து நாலே முக்காலுங்க" என்றார் ராமுலு.

"நான் அளந்தது நாப்பத்து நாலுங்க."

"அதுவும் சரிதானுங்க. தரையில நாப்பத்து நாலுதானுங்க." ராமுலு குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது. "ஜீப் கியர்பாக்ஸ மேல தூக்கி வெச்சிருக்காங்க பாருங்க, எட்டங்குலம் சரிவு. நீங்க ஏனுங்க குண்டு தொங்கவிட்டு அளந்தீங்க?"

"சரிவ அப்படித்தானுங்க அளக்கோணும். மேடு பள்ளம் எப்படி இருந்தாலும் மட்டத்துலதான் அளவு. பட்டாவுல அதுதானுங்க ஏறும்."

"நெலம் அங்கயே கெடக்குதுங்க. இது சுத்தோணுமுங்களே."

கதிரேசன் காரின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முக்கால் அங்குலம் குறைவாக இருந்ததால்தான் ஷாஃப்டின் முன்முனை அதன் உறைக்குள் போதிய ஆழம் போகவில்லை. வண்டி குதித்ததும் உருவிக்கொண்டது.

"உங்களுக்கு அன்னைக்கே சந்தேகம் வந்துச்சுங்களா?"

"தாளப் பாத்ததுமே வந்துச்சுங்க. கொறச்சலா இருக்குதேன்னு."

"அப்பச் சொல்லியிருக்கலாமுங்களே!"

"சர்வேயர்கிட்டப் போயி அளவு தப்புன்னு எப்படீங்க சொல்றது? மரியாதையா இருக்காதுங்களே."

இருவரும் வெளியே வந்து முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். ராமுலு உடனே கிளம்பவில்லை. சட்டைப்பையிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினார். "இதைய மாத்திக் குடுத்துப்போடுங்க. நானா மாத்துனா நல்லா இருக்காதுங்க."

கதிரேசன் வீட்டுக்குள் போய்ச் சிவப்புப் பேனா எடுத்துவந்தார். காரின் பேனட்டில் தாளை விரித்து, 44 என்பதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். மேலே 44¾ என்று எழுதினார். பக்கத்தில் 'அளவு பிழை, திருத்தப்பட்டது' என்று எழுதித் தேதியும் சுருக்கொப்பமும் போட்டார். தன் வேலையில் இருபத்தாறு வருடத்தில் சொந்த அளவு ஒன்றின் மேல் அவர் இப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. ராமுலு அதைப் படிக்காமலேயே மடித்து வைத்துக்கொண்டார்.

வெட்டி, உள்ளே ஒரு குழாய்த்துண்டு செருகி, பற்றவைத்து, சுழலவிட்டுச் சரிபார்த்து, ஷாஃப்ட் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. இந்த முறை கூலி வேண்டாம் என்று ராமுலு பிடிவாதமாக இருந்தார். கதிரேசன் எழுநூறு ரூபாயை லேத்தின் மேல் வைத்துவிட்டு வந்தார். அவரிடம் ஐந்நூறு மிச்சம் இருந்தது. அதற்கு டீசல் போட்டார்.

சனிக்கிழமை மாலை ஆறேகாலுக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. இன்னோவாவுக்கு மாலை கட்டியிருந்தது. அம்பாசடருக்கும் கட்டியிருந்தது. மாப்பிள்ளை கோலத்தில் கௌதமன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

"ஏறு கண்ணு, நேரமாகுது" என்று மாசாணம் இன்னோவாவின் கதவைத் திறந்தார். "உங்க மாமனுக்கு இன்னிக்கு ரெஸ்ட்டு."

செவ்வந்தி கையிலிருந்த தாம்பாளத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தாள். "எங்கண்ணன் சபையில சொல்லியிருக்குது. எம்பையன் அந்த வண்டியிலதான் போவான்."

"நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நீங்க எறங்கித் தள்ளுங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் பழக்கமாச்சே."

கூட்டம் இப்போது மாசாணத்தைப் பார்த்துச் சிரித்தது. கௌதமன் அம்பாசடரில் ஏறினான்.

மண்டபத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். வழியில் மூன்று வேகத்தடைகள். முன்னால் மேளம் போனதால் கார் நடை வேகத்தில்தான் போனது. முதல் தடையில் கதிரேசன் மூச்சை அடக்கிக்கொண்டார். இரண்டாவதில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மாமா, அடியில ஏதோ சத்தங்க."

"அது மேளம், மாப்பிள்ளை."

மூன்றாவது தடையில் கார் ஏறி இறங்கியது.

6.52-க்கு அது மண்டப வாசலில் நின்றது. பின்னால் வந்த இன்னோவாவிலிருந்து இறங்கிய மாசாணம், பட்டு வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். ஷாஃப்ட் இருந்த இடத்தில் இருந்தது. அவர் நிமிர்ந்து, வேட்டியை இறக்கிவிட்டு, மண்டபத்துக்குள் போனார்.