வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

முதல் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். மக்கு என்று நினைக்க வேண்டாம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை, வாயில் ஆங்கிலம் வரும்வரை அதே பெஞ்சில் உட்கார வைப்பது அந்தக் காலத்தில் சான் எலியாஸ் பள்ளிக்கூடத்தின் வழக்கம். எனக்கு வர மூன்று வருடம் ஆனது. ஏழாம் வகுப்பில் மீசை அரும்பிவிட்டது. விட்டுவிட்டுத் தாமிரச் சுரங்கக் கம்பெனியில் வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே எனக்கு ஆகாது. அங்கே வேலை பார்க்கிறவர்களையும் நம்புவதில்லை, நம் ஆளாகவே இருந்தாலும்.

டெல்ஃபினா நம் ஆள்தான். என் மனைவியின் அண்ணன் மகள். உயர்நிலைப் பள்ளியில் மெக்சிக அமெரிக்கர் வரலாறு என்று ஒரு வகுப்பு எடுக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு சின்னப் பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, கம்பெனி நீச்சல் குளத்துல நீங்க வேலை பாத்தீங்களாமே?"

"யார் சொன்னா?"

"அத்தைதான்."

"அவளுக்கு வாய் நீளம்."

அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "சொல்லித் தொலைங்க. அம்பத்தஞ்சு வருஷமா என் காதுலயே ஓதுறீங்க. வேற ஒரு காதுலயும் விழட்டும்."

சொன்னேன். கருவியை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன்.

விஷயம் இவ்வளவுதான். குளம் வெள்ளைக்காரர்களுடையது. மெக்சிகக்காரர்களான எங்களுக்கு வியாழக்கிழமை மட்டும், மதியத்திலிருந்து ஐந்து மணிச் சங்கு ஊதும்வரை. சங்கு ஊதியதும் குளத்தைக் காலி செய்ய வேண்டும், தேய்க்க வேண்டும், புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். நாங்கள் இறங்கிய தண்ணீரில் மறுநாள் அவர்கள் இறங்கக் கூடாது. வால்வைத் திறந்தவனும், தரையைத் தேய்த்தவனும், நிரப்பியவனும் நான்தான். பதினாறு வயதிலிருந்து நான்கு கோடைகாலம். என் இடதுகைச் சுண்டுவிரல் கோணலாக இருப்பது அந்த வால்வுச் சக்கரத்தில் மாட்டித்தான். திறந்துவிட்ட தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்கள் குடியிருப்புக்குத்தான் ஓடும். பெண்கள் மண்வெட்டியோடு காத்திருப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம்தான் எங்கள் மிளகாய்ச் செடிக்கும் தர்பூசணிக் கொடிக்கும் தண்ணீர். நாங்கள் குளித்த தண்ணீரை எங்கள் தர்பூசணி குடித்தது, அதை நாங்கள் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

"இதை வகுப்புல சொல்லலாமா மாமா?" என்று கேட்டாள்.

"சொல்லிக்கோ. என் பேர் வரக் கூடாது."

"ஏன்?"

"எங்கப்பா ஒரே ஒரு காகிதத்துல பேர் எழுதினார். தொழிற்சங்கக் காகிதம். மறு வாரம் வேலை போச்சு, வீடு போச்சு. பேர் எழுதுறவன் முட்டாள்."

அவள் வாதாடவில்லை. வாக்குக் கொடுத்தாள். பாடத்தில் 'ஒரு முதிய தொழிலாளி' என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸில் சட்டம் போட்டார்கள். ஓர் இனத்தார் மேல் வெறுப்பை வளர்க்கும் பாடமோ, ஓர் இனத்துக்கென்றே நடத்தும் பாடமோ பொதுப் பள்ளிக்கூடத்தில் கூடாதாம். மீறினால் மாநிலம் தரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டு. எங்கள் ஊர்க் கல்வி வாரியத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் வகுப்பை மூடு என்றார்கள். இரண்டு பேர் மூடாதே, கோர்ட்டுக்குப் போவோம் என்றார்கள். ஐந்தாவது ஆள் வெர்ன் ஸ்டாலிங்ஸ். ஊரில் பாதிப் பேருக்கு டிராக்டர் விற்றவன். ஏப்ரல் கூட்டத்தில் டெல்ஃபினாவின் பாடத்தைக் கையில் தூக்கிப் பிடித்து அவன் பேசினானாம்.

அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்த செஃபெரினோ மறுநாள் காலையில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சின்ன சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். சுரங்கத்தில் இருபது வருடம் என் பக்கத்தில் நின்றவன்.

"உன்னைப் பொய்யன்னு சொல்லிட்டான்டா."

"என்னையா? நான் அங்க போகவே இல்லையே."

"அதான் பிரச்சினையே. 'யார் இந்த முதிய தொழிலாளி? பேர் இல்ல, ஊர் இல்ல. அந்தக் குளத்துல வளந்தவன் நான். இது கட்டுக்கதை. பிள்ளைங்க மனசுல விஷம் ஏத்துறதுக்குக் கட்டினது. அந்த ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்க, என் ஓட்டை மாத்திக்கிறேன்' அப்படீன்னான். எல்லார் முன்னாடியும்."

"டெல்ஃபினா என்ன சொன்னா?"

"வாயே தெறக்கல. பேரைச் சொல்லிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டா."

அதற்குப் பிறகும் அவள் என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், நிம்மதியாக இருந்திருப்பேன். மூன்று வாரம் அவள் கார் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. படித்தவள் ஒருத்தி கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள் என்றால் நான் என்ன செய்வது? அது எனக்குப் பழக்கமில்லாத சங்கதி.

மே மாதக் கூட்டத்தில் ஓட்டு. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். சாதாரணமாக வாரியக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். அன்று நிற்க இடமில்லை. வெளியே மரியாச்சி என்ற மெக்சிக வாத்தியக் குழுப் பிள்ளைகள் வெள்ளிப் பொத்தான் வைத்த கால்சட்டையோடு, டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜெயித்தால் வாசிப்பார்களாம். தோற்றால் என்ன வாசிப்பார்கள் என்று கேட்டேன். ஒருத்தி யோசித்துவிட்டு, "அதையேதான், கொஞ்சம் மெதுவா" என்றாள்.

வாசலில் ஒரு மேசை. பேச வேண்டுமானால் ஒரு மஞ்சள் அட்டையில் பெயர், முகவரி எழுதிக் கொடுக்க வேண்டும். பேனாவைக் கையில் எடுத்தேன். கை நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது.

"என்னடா யோசனை?" செஃபெரினோ முதுகில் குத்தினான். "மூணு வருஷம் முதல் வகுப்புல பேர் எழுதத்தானே கத்துக்குடுத்தாங்க. எழுது. என் சிலிண்டர் தீரப் போகுது."

எழுதினேன். எலிசேயோ கிராஹெதா. கோணலாகத்தான் வந்தது.

முதலில் வெர்ன் மைக்கை இழுத்தான். சும்மா சொல்லக் கூடாது, உருக்கமாகப் பேசினான்.

"அந்தக் குளம் என் வாழ்க்கையிலேயே இனிப்பான ஞாபகம்ங்க. வெள்ளிக்கிழமை காலைல ஒம்போது மணி. 'ஐஸ் குதி'ன்னு பேர் வெச்சிருந்தோம். தண்ணி அவ்வளவு ஜில்லுன்னு இருக்கும், மூச்சே நின்னுரும். யாரு முதல்ல அடியைத் தொடுறாங்களோ அவங்களுக்கு ஒரு சோடா. யாரையும் யாரும் விரட்டி நான் பாத்ததே இல்ல. காலி பண்ணாங்க, தேய்ச்சாங்கங்கிறதெல்லாம் பொய். அந்த ஆளு இன்னும் வரலைன்னுதான் நினைக்கிறேன்."

பாதிக் கூடம் கை தட்டியது. முன்வரிசையில் டெல்ஃபினா தலை குனிந்திருந்தாள். பேசுவதற்காக நான் மனைவியிடம் எழுதி வாங்கிய காகிதம் சட்டைப் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை. இனி அது வேண்டியதில்லை. வேண்டியதை எல்லாம் அவனே சொல்லிவிட்டான்.

வாரியத் தலைவி லோரெய்ன் என் பெயரைக் கூப்பிட்டாள். கடித்துக் குதறித்தான் கூப்பிட்டாள், இருந்தாலும் என் பெயர்தான். டெல்ஃபினா சட்டென்று திரும்பினாள். மைக் பக்கத்தில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் வாயை மூட வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். வாரியத்தாரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி.

"நான் கேள்வி கேக்கலைங்க" என்று சுரங்கத்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "ஐயா சொன்னதையே சொல்றேன். வெள்ளிக்கிழமை தண்ணி ஜில்லுன்னு இருக்கும். சத்தியமான வார்த்தை. சனிக்கிழமை? வெதுவெதுப்பு. திங்கள் வந்தா சூப்பு. இந்த ஊர் ஜூலை வெயிலு உங்களுக்குத் தெரியாததா? அப்போ வெள்ளிக்கிழமை மட்டும் எப்பிடி ஐஸாச்சு? வானத்துலேருந்தா விழுந்துது? ரெண்டாம் நம்பர் சுரங்கத்து ஊத்துத் தண்ணிங்க அது. ராத்திரி பூரா நான் நெரப்பினது. ஏன் நெரப்பினேன்? காலியா இருந்துது. ஏன் காலியா இருந்துது? வியாழக்கிழமை எங்க பிள்ளைங்க எறங்கினாங்க."

மஞ்சள் எரிந்தது.

"இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கே ஒரு பொடியன் வேலிக்கிட்ட வந்துருவான். முன்பல்லு ஒடஞ்சவன். ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சிக்கிட்டு ஒரே கேள்விதான். 'பாஞ்சோ, நெரம்பிடுச்சா?' வாராவாரம். எங்க எல்லாருக்கும் பாஞ்சோன்னுதான் பேரு அப்போ. நான் 'இன்னும் பத்து நிமிசம்'பேன். தாகம்னா குழாயை அவன் பக்கம் திருப்புவேன், குடிப்பான். நெரம்பிடுச்சான்னு கேக்குறவனுக்கு அது காலியா இருந்துதுன்னு தெரியும் இல்லீங்களா?"

வெர்ன் ஸ்டாலிங்ஸின் கை அவன் வாய்க்குப் போயிருந்தது. கட்டின பல்தான் இப்போது. ஊருக்கே தெரியும்.

சிவப்பு எரிந்தது. லோரெய்ன் சுத்தியலை எடுத்தாள். "நேரம் முடிஞ்சுது, மிஸ்டர் கிராஹெதா."

"அவரை விடு லோரெய்ன்." வெர்ன்தான் சொன்னான். குரல் எங்கோ உள்ளிருந்து வந்தது. "முடிக்கட்டும்."

"பத்து வயசுப் பய. அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவனுக்கு ஏன்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான். அதைச் சொல்றதுக்குத்தான் இந்தப் பொண்ணு ஒரு வகுப்பு நடத்துது. கேட்டா வெறுப்பு வருமாம். எனக்கு நடந்ததைச் சொன்னா வெறுப்பு வராதுங்க. நடக்கவே இல்லைன்னு சொன்னா வரும். போன மாசம் வந்துது. பேர் எழுதிக் குடுத்திருக்கேன். ஆளும் நிக்குறேன். விரலும் இதோ." கோணல் விரலைத் தூக்கிக் காட்டினேன். "நீங்க சொன்ன வார்த்தை ஒண்ணு பாக்கி இருக்கு."

போய் உட்கார்ந்தேன். செஃபெரினோ குழாயை மூக்கிலிருந்து கழற்றி, "இந்தா, ஒரு இழுப்பு இழு" என்றான்.

எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் பேசினார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஓட்டு வந்தது. மூடு, இரண்டு. மூடாதே, இரண்டு. வெர்ன் தன் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மைக்குக்கு வெளியே எதையோ முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லு வெர்ன்" என்றாள் லோரெய்ன்.

"வகுப்பு நடக்கட்டும்னேன். கோர்ட்டுக்கும் போகலாம். பாடத்துல நான் சொன்ன ஐஸ் குதியையும் சேத்துக்கச் சொல்லுங்க டீச்சரை."

நாற்காலிகள் கவிழ்ந்த சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு ஒரே கூச்சல். வெளியே டிரம்பெட் வெடித்தது. மெதுவாக இல்லை, முழு வேகம். டெல்ஃபினா நாற்காலிகளைத் தாண்டி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, பேரை எழுதிட்டீங்களே மாமா!"

"விடுடி, மூச்சு முட்டுது. நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வாக்குக் குடுத்தேனே."

"அதிகமாப் படிச்சா இப்பிடித்தான் ஆகும்" என்றேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்தக் கூடத்தைச் சரியாகக் கூட்டுவதே இல்லை.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. பழைய குளத்தின் இடத்தில்தான் இப்போது பள்ளியின் கார் நிறுத்தம். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளும் இறங்கலாம் என்று உத்தரவு வந்த வருடம், கம்பெனி அதை மண் கொட்டி மூடிவிட்டது. அங்கேதான் பிள்ளைகள் ஆடினார்கள். என் மனைவி செஃபெரினோவைச் சிலிண்டரோடு சுற்றிச் சுற்றி ஆட்டினாள்.

வெர்ன் தன் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தான். நான் போகவில்லை, அவன்தான் வந்தான்.

"பத்து நிமிசம்னு சொல்வீங்க. அரை மணி நேரம் ஆகும்."

"நீ போய்த் தொலைவேன்னு சொன்னது. போனியா?"

சிரித்தான். "உங்க நிஜப் பேரு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"எனக்கு உன் பேரு அன்னைக்கே தெரியும்."

கையை நீட்டினான். குலுக்கினேன். அவன் மனது மாறியதா, நவம்பரில் வரும் தேர்தலுக்காக அந்தக் கூடத்து ஓட்டுகளை எண்ணினானா, எனக்குத் தெரியாது. நான் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் ஓட்டு ஓட்டுதான், எந்தக் காரணத்துக்கு விழுந்தாலும்.

ஃபீனிக்ஸ்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வக்கீலோடு வருவார்கள், யார் அந்த ஆள் என்று கேட்பார்கள். வரட்டும். வாசல் மேசையில் கொடுத்த மஞ்சள் அட்டையை வாரியம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதியாம், டெல்ஃபினா சொன்னாள். அதில் பெயர் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது. வீட்டில் காலை எட்டு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன்.