முனிரத்தினம் - 3

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு படிவத்திலிருந்து வந்தது. 'வளாக வலையிலிருந்து கணினிப் பதிவை நீக்கக் கோரும் விண்ணப்பம்' என்று மேலே தலைப்பு. அதன் ஐந்தாவது கட்டம்: காரணம் (ஐம்பது எழுத்துக்கு மிகாமல்). மற்ற கட்டங்களெல்லாம் நிரம்பியிருந்தன. இது மட்டும் காலி.

படிவம் என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஐம்பது எழுத்துக்குள் அடங்காத காரணம் என்பதால்தான் அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தோடு எழுதுகிறேன். கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.

2.

முதல் தொடக்கம்: "வறண்ட பாலாற்று மணலில் அந்திச் சூரியன்

அடித்துவிட்டேன். [இந்தக் கதையில் பாலாற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாமே குளிர்சாதன அறைகளில் நடக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: "தோல் பதனிடும் வாடை காற்றோடு ஏறி வரும் ஆம்பூரில் பிறந்த நசீமுன்னிசா, சிறு வயதிலேயே

இதையும் விட்டுவிட்டேன். ஆம்பூர் என்றால் வாடையில் தொடங்கிப் பிரியாணியில் முடிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டதுபோல எழுதுகிறோம். அங்கே இருப்பவர்களுக்கு மூக்கும் வாயும் மட்டும்தானா இருக்கின்றன?

நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரம் ஒரு பல்கலைக்கழகம்.* அங்கே தோல் தொழில்நுட்பத் துறையில் நசீமுன்னிசா ஆய்வக உதவியாளர். தொழிற்சாலைகளிலிருந்து கேன்களில் வரும் கழிவுநீரைச் சோதித்து முடிவு எழுதுவது அவர் வேலை. தற்காலிகப் பணியாளர். பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

* தேடிப் பார்க்காதீர்கள். இந்தக் கதைக்காக நான் கட்டியது. கட்டி முடித்த மறுநாளே சுற்றறிக்கைகள் வந்துவிட்டன.

ஆய்வகத்தில் இருந்த கணினி செத்துப்போய் வருடக்கணக்காகிறது. நசீமுன்னிசா தன் கைக்காசில் ஒரு மடிக்கணினி வாங்கினார். வளாக வலையில் அது வேலை செய்ய வேண்டுமென்றால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யப் பணியாளர் எண் வேண்டும். தற்காலிகப் பணியாளருக்கு எண் கிடையாது, வாசலில் காட்டும் அனுமதி அட்டை மட்டும்தான். அதனால் அந்த வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தரப் பேராசிரியர்கள் தங்கள் எண்ணிலேயே தங்கள் ஆட்களின் கணினிகளையும் பதிவு செய்து கொடுப்பார்கள்.

துறைத் தலைவர் முனிரத்தினம் நல்ல மனிதர். "நம்ம பேர்லயே போட்டுக்கலாம்மா, இன்னா இப்போ?" என்றார். அவருடைய கணினி முனிரத்தினம்-1. அணைக்கட்டிலிருந்து வரும் பூவரசன் என்கிற இன்னொரு தற்காலிக உதவியாளனின் கணினி முனிரத்தினம்-2. நசீமுன்னிசாவின் கணினி முனிரத்தினம்-3. பதிவு மையத்தில் அப்படித்தான் அச்சடித்து மூடியின் மேல் ஒட்டிக் கொடுத்தார்கள். கழிவுநீர்க் கேன்களுக்கு ஒட்டுகிற வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, மார்க்கர் பேனாவால் தன் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார் அவர்.

3.

போன மாதம் ஐந்து நிரந்தர இடங்கள் அறிவிக்கப்பட்டன. நீண்ட காலமாகப் பணியாற்றும் தற்காலிக உதவியாளர்களுக்கு மட்டும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

விண்ணப்பப் பக்கம் மூன்று நாள் திறந்திருக்கும். வளாக வலையில், பணியாளர் பெயரில் பதிவான கணினியில் மட்டும் திறக்கும். ஏழாவது விதி: ஒரு பணியாளர் எண்ணிலிருந்து ஒரு விண்ணப்பம்தான். வெளியாட்கள் புகுந்துவிடக் கூடாதாம்.

இன்னொரு தடவை படியுங்கள். பணியாளர் எண் இல்லாதவர்களுக்கான வேலைக்கு, பணியாளர் எண்ணிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தீர்மானித்த கூட்டத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முந்திரி பக்கோடா வந்தது. ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. குறிப்பெடுத்துச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவருக்கு உறைத்தது, ஆனால் அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஏழாவது விதியை முனிரத்தினம் படிக்கவில்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டு, "நம்ம நம்பர்லயே போட்டுடுங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். பூவரசன் முதல் நாள் காலையிலேயே போட்டுவிட்டான். நசீமுன்னிசாவின் அனுபவச் சான்றிதழ் கையெழுத்தாகி வரும்போது மூன்றாம் நாள் மதியம் மூன்று மணி.

4.

[இங்கே ஒரு புதுப் பாத்திரம் வருகிறது. பதிவு மைய எழுத்தர். பெயர் பாண்டியன்.]

பாண்டியன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மணி நான்கு பத்து. ஐந்து மணிக்குப் பக்கம் மூடிவிடும். நசீமுன்னிசா மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா இது, ஏற்கெனவே விண்ணப்பிச்சாச்சுன்னு வருது? நான் இன்னும் போடவே இல்லியே."

பாண்டியன் தன் திரையில் பார்த்தான். "முனிரத்தினம் சார் நம்பர்ல திங்கக்கிழமையே ஒண்ணு போய்டுச்சு. பூவரசனோடது."

"அது அவனோடது. நான் நசீமுன்னிசா."

"சிஸ்டத்துக்கு ரெண்டு பேரும் முனிரத்தினம்தான்."

நசீமுன்னிசா போன் போட்டதும் பூவரசன் ஆய்வக அங்கியோடு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. என்னோடதை எடுத்துட்டு அக்காவோடதைப் போடுங்க."

"சும்மா இர்றா," என்றார் நசீமுன்னிசா. பிறகு தடுப்பின் பக்கம் திரும்பி, "அவனோடதுல கை வெக்காதீங்க. அவன் இன்னா தப்பு பண்ணான்? அவனுக்கும் ஏழு வருஷம் ஆச்சு" என்றார்.

நசீமுன்னிசா கண்ணாடி வழியாக மேசைமேல் இருந்த கணினியைப் பார்த்தார்.

"அந்த கம்ப்யூட்டர் யார் பேர்ல கீது, மேடம்?"

[சார். 'சார்' என்று திருத்த வேண்டும்.]

"என் பேர்ல."

"அதுலேர்ந்து யாரும் போடலியே?"

"போடல."

"பத்தே நிமிஷம். எல்லா பேப்பரும் ரெடியா வெச்சிருக்கேன். நீங்க கொஞ்சம் எழுந்து தள்ளி நின்னா போதும்."

பாண்டியன்

5.

பாண்டியன் என்ன செய்தான் என்று ஆறு தடவை எழுதிப் பார்த்தேன். முதலில் அவனைச் சோம்பேறியாக்கினேன். கதையில் ஒட்டவில்லை. பிறகு மேலதிகாரிக்குப் பயந்தவனாக்கி, வீட்டில் உடம்பு சரியில்லாத அம்மாவை வைத்தேன். வாசகர் அவன்மேல் இரக்கப்படுவார் என்று தோன்றியதும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

பாண்டியன் என்று யாரும் இல்லை. நான்தான். சோபனா, பதிவு மைய எழுத்தர், நிரந்தரம். ஓய்வு நேரத்தில் சிற்றிதழ்களுக்குக் கதை எழுதுகிறவள். ஆண் பெயர் வைத்து, ஒரு சட்டையும் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஏழாவது விதியைத் தட்டச்சு செய்ததும் நான்தான். முந்திரி பக்கோடாவில் எனக்கும் ஒரு தட்டு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவரைத் தன் கணினியில் வேலை செய்யவிட்டார் என்று ஒருவரை நெமிலிப் பக்கத்துக் கிளைக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வந்தது என்றுதான் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை.

"ரூல்ல இடம் இல்லம்மா" என்றேன். என்னைவிட நான்கு வயது மூத்தவரை அம்மா என்று அழைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அப்படி ஒரு குரல் தானாக வந்துவிடுகிறது.

நசீமுன்னிசா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஐந்து மணிவரை அங்கேயே நின்றார். பக்கம் மூடியது. "சரி மேடம்" என்று சொல்லி மடிக்கணினியை மூடினார். வெள்ளை டேப்பில் அவர் பெயர் எனக்கு நேராக இருந்தது.

6.

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ) நான் எழுந்து நிற்கிறேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து விண்ணப்பிக்கிறார். மணி நான்கு ஐம்பத்திரண்டு. படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். [பொய். ஆனால் இதை எழுதிய மத்தியானம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.]

ஆ) முனிரத்தினம் பொங்கி எழுந்து நிர்வாகத்தை மண்டியிட வைக்கிறார். பாவம், மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதினார். அதற்கும் அதே பதில்.

இ) பூவரசன் கிடைத்த வேலையை அக்காவுக்காக உதறுகிறான். இல்லை. வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டான். சேர வேண்டியதுதான். தயவுசெய்து உங்கள் கோபத்தை அவன் பக்கம் திருப்பாதீர்கள். அதைத்தான் அந்த ஒன்பது பேரும் விரும்புவார்கள்.

7.

இப்போது படிவம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக்கூடத்தில் நசீமுன்னிசாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே சேர, இங்கிருந்து பணி விடுவிப்புக் கடிதம் வேண்டும். அது வேண்டுமென்றால் முதலில் கணினிப் பதிவை நீக்க வேண்டும். படிவத்தில் விண்ணப்பதாரர் பெயரை இயந்திரமே அச்சடித்துவிட்டது: முனிரத்தினம். பதினோரு வருடம் வேலை செய்த பெண் வெளியே போகும் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. காரணத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போயிருந்தார். காலியாக இருந்தால் திரை ஏற்காது.

எல்லோருக்கும் நாங்கள் 'சொந்தக் காரணம்' என்றுதான் போடுவோம். இவருக்கு அதைப் போட எனக்குக் கை வரவில்லை. அதனால் படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது. மனசாட்சியோடு போராடிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். நேற்று போன் வந்தது.

"மேடம், அந்த பேப்பர் ஆச்சா? நாளைக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம்."

"காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க."

"அதுக்கா ஒம்போது நாளா வெச்சிருக்கீங்க? எதையாவது போட்டு அனுப்புங்க மேடம். பேஜார் பண்ணாதீங்க. உங்க கிட்ட ஒரு தடவை நின்னது போதும்."

கதை எழுதுகிறேன் என்ற பெயரில் அவரை இரண்டாவது தடவையும் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். முதல் தடவை ஐம்பது நிமிடம், இந்தத் தடவை ஒன்பது நாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி நான்கு பத்து. ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். சற்று முன் அந்தக் கட்டத்தில் இப்படித் தட்டினேன்:

சோபனா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை

விரல்விட்டு எண்ணினேன். இருபத்தோரு எழுத்து. இடைவெளிகளைச் சேர்த்தால் இருபத்து நான்கு. ஐம்பது எழுத்துக்குள் அடங்காத காரணம் என்று முதல் பகுதியில் சொன்னேனே, அது பொய். பாதிக்கு மேல் இடம் மிச்சம் இருக்கிறது.

கீழே 'அனுப்பு' என்ற பொத்தான். அழுத்தினால் இந்த வரி பதிவாளரின் மேசைக்குப் போகும், அங்கிருந்து என் பணிக் கோப்புக்கும் வரும். இதை அழித்துவிட்டு 'சொந்தக் காரணம்' என்று போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எப்படி இருந்தாலும் நசீமுன்னிசாவுக்குக் கடிதம் கிடைத்துவிடும். இனி ஊசலாடுவது என் வேலை மட்டும்தான்.

இந்த நாற்காலியில் நானே இருந்தால் எதை அழுத்துவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் இருக்கப்போவதில்லை. கதவு திறந்திருக்கிறது, கண்ணாடியைச் சுற்றி உள்ளே வாருங்கள். இதோ, எழுந்துவிட்டேன். உட்காருங்கள்.