ஐந்தாம் நம்பர் எஞ்சினின் முப்பத்தாறு படங்கள்

1984 மாசி மாதத்தில், சேர்வராயன் மலையடிவாரத்துச் சுரங்கக் கம்பெனி யார்டில் பதினொரு வருடமாக நெருப்பும் தண்ணீரும் இல்லாமல் துருப்பிடித்து நின்ற ஐந்தாம் நம்பர் நீராவி எஞ்சின், தன்னை உடைக்க வந்த இரண்டு பேரை ஒரே வாரத்தில் கொன்றது. முதல் ஆளைச் சுவரோடு வைத்து நசுக்கியது. இரண்டாமவனின் தலை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் உடல் அந்தப் பக்கமும் கிடந்தன. இரண்டையும் வெயில் மயக்கம் என்று எழுதிக்கொண்ட ஆபீஸ், மூன்றாவதாக, கேஸில் இரும்பு அறுக்கும் லாசரை அனுப்பியது.

லாசரின் மனைவி தேவகுமாரி ஏற்காட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். உடைபடும் எஞ்சின்களைப் படம் எடுக்கக் கம்பெனி அவளையும் அழைத்திருந்தது. மற்ற நாலும் படத்துக்கு நின்றுவிட்டுப் பேசாமல் அறுபட்டன. அறுத்த இடத்தில் ரத்தம் வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். ஐந்தாவது, லாசரின் கேஸ் சுடர் பட்டதுமே உறுமிக்கொண்டு பாய்ந்தது. தேவகுமாரி பதறிப்போய்க் கேமராவின் பட்டனை அமுக்கினாள். எஞ்சின் அங்கேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம் அசையாது என்று கண்டுகொண்ட சூப்பர்வைசர் வெங்கடாசலம், அவளை எடுக்கச் சொல்லிக்கொண்டே அறுக்க வைத்தார். தகடு கிழியக் கிழிய அது நடுங்கியது. கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றது. ரத்தம் தேவகுமாரியின் செருப்புவரை வந்துவிட்டது.

"ஏனுங்க, ரோல்ல இன்னும் நாலுதான் இருக்குதுங்க. நிறுத்திப் போடலாமுங்க. என்னை நம்பியில்ல நிக்குது" என்றாள்.

"நீ எடும்மா" என்றார் வெங்கடாசலம்.

முப்பத்தாறாவது படத்துக்குப் பிறகு ஃபிலிம் தீர்ந்து கேமராவின் லிவர் நகரவில்லை. எஞ்சின் முதலில் வெங்கடாசலத்தின் மேல் ஏறியது. அவரிடம் மிச்சமிருந்ததைச் சாக்கில்தான் அள்ள முடிந்தது. பிறகு லாசரை மண்மேட்டோடு சாய்த்து, வலது காலின் மேல் சக்கரத்தை வைத்து, மெதுவாக அழுத்தியது. எலும்பு உடையும் சத்தம் யார்டு முழுக்கக் கேட்டது.

தேவகுமாரி ஓடவில்லை. கேமராவைத் திறந்து, ஃபிலிமை முழுக்க உருவி, உச்சி வெயிலில் எஞ்சினின் முகத்துக்கு நேரே பிடித்தாள். முப்பத்தாறு படங்களும் அவள் கையிலேயே அழிந்துபோயின.

"நான் உன்னைக் கட்டிப் போட்டது தப்புதான் சாமி. எல்லாம் போச்சு, பாரு. அவரை உட்டுரு. நீ எங்கியாச்சும் போயிரு" என்று கதறினாள்.

எஞ்சின் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு காலை விட்டுவிட்டு, தண்டவாளத்தை விட்டு இறங்கி, ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ரத்தம் சொட்ட ஏறிப் போயிற்று. எதிரே வந்த பஸ்கள் ஒதுங்கி வழி விட்டன.

லாசருக்குக் காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். நாகலூருக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்துச் சரிவில் எஞ்சின் நின்றுகொண்டது. தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் சுற்றிப் பார்த்துவிட்டு, செடிக்கு நிழலாச்சு என்று மிளகுக் கொடியை அதன் மேல் ஏற்றிவிடச் சொன்னார். வெயில் திரும்பும்போது நிழல் செடிகள் மேல் விழும்படி அது கொஞ்சம் தள்ளி நிற்கும். பழம் பறிக்கிற பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு அது நகர்ந்து நிற்கும்வரை காத்திருப்பார்கள்.